இடுப்பு அளவு முப்பத்தெட்டு

மீட்டர்க்காரருக்குத் தொடை பெரிது. உடம்பே கொஞ்சம் பருமன்தான். தொடை மட்டும் யாரோ கை நிறைய அள்ளி அப்பிவிட்டுப் போன மாதிரி இருக்கும். உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்திருந்தால் அதனால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. கிடைத்ததோ நடக்கிற வேலை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறிக்கிற வேலை.

ஒரு நாளைக்கு இருநூறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் சுவரோரமாக ஒரு சின்னக் குழி, அதற்கு ஒரு இரும்பு மூடி. கொக்கியை மாட்டி மூடியைத் தூக்க வேண்டும். குனிந்து டார்ச் அடிக்க வேண்டும். கண்ணாடியில் படிந்த சேற்றைத் துணியால் துடைக்க வேண்டும். சில குழியில் தவளை உட்கார்ந்திருக்கும், அதைத் தள்ளிவிட வேண்டும். எண்ணைக் குறித்து, மூடியைப் போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் அடுத்த வீடு. எல்லாம் சேர்ந்து பதினாலு கிலோமீட்டர்.

காலையில் மாட்டுகிற பேண்ட் பத்து மணி வரைக்கும்தான் பேண்ட். அதற்கு மேல் அது உப்புத்தாள். வேர்வை ஊறி, இரண்டு தொடைக்கும் நடுவில் இருக்கிற தடித்த தையல் முன்னும் பின்னும் அறுக்கும். மத்தியானத்துக்குள் தோல் சிவந்துவிடும். மூன்று மணிக்குத் தோல் இருக்காது. சாயங்காலம் தெருமுனையில் வாத்து மாதிரி காலை அகட்டி அகட்டி வருவார். மனைவி அந்த நடையைப் பார்த்தே இன்றைக்கு எண்ணெயா, களிம்பா என்று முடிவு பண்ணிவிடுவாள். இருபத்தேழு வருஷம் இப்படியே ஓடியது.

போன கோடையில் புண் சீழ் வைத்துக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. அதுவும் எப்போது? மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, எத்தனையோ ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்கின பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்த அதே வாரத்தில். புண்ணோடும் காய்ச்சலோடும் பச்சைக் குழந்தையிடம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது நாள் கட்டிலில் கிடந்து விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் போய்ப் பார்த்தார். ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற தலை. பட்டாணி அளவுக்குக் கால் கட்டைவிரல். கொட்டாவி விட்டால் முகம் முழுக்க வாய்தான்.  திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "எனக்குப் பேத்தி பிறந்திருக்கு. என் மூக்கு அப்படியே இருக்கு" என்றார். அவர் இவர் மூக்கைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோல் டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். புண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"நடக்குற வேலைய விடுங்க. இல்லேன்னா பேண்ட்டை விடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"வேலைய விட்டா சோறு இல்லம்மா."

"அப்ப பேண்ட்டை விடுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவள் பேச்சுக்குச் சொன்னாள். மீட்டர்க்காரர் மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் தையல்காரி. முன் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊர் ஆட்களுடைய பேண்ட்டைக் குட்டையாக்குவதும் ரவிக்கையைப் பிரித்து விடுவதும் அவள் தொழில். துணி கொடுக்க வந்த ஒரு பெண் போனில் எதையோ காட்டியிருக்கிறாள்.

"ஏங்க, எங்கயோ ஒரு ஊர்ல ஆம்பளைங்க பாவாடை கட்டிக்கிட்டு மலைமேல ஓடுறாங்க. கில்ட்டுன்னு பேராம். பின்னாடி மடிப்பு மடிப்பா இருக்கு. தாடி வெச்ச ஆளுங்கல்லாம் கட்டியிருக்காங்க. ஒருத்தரும் சிரிக்கல."

"இங்க சிரிப்பாங்க."

"சிரிக்கிறவனா வந்து உங்க தொடைக்குக் களிம்பு போடப் போறான்? நான்தானே போடுறேன்?"

ஆபீசில் வருஷத்துக்கு ஒரு தடவை சீருடைத் துணி தருவார்கள். கருநீலம், மூன்று மீட்டர். அந்த வருஷத்துத் துணியில் ஒன்று தைத்தாள். இரண்டு பழைய பேண்ட்டைப் பிரித்து மாற்றுக்கு இன்னொன்று தைத்தாள். முழங்கால் வரைக்கும் நீளம். பின்னால் மடிப்பு, முன்னால் தட்டை. உள்ளே மெல்லிசான பருத்தியில் ஒரு அரைக்கால் சட்டையும் சேர்த்துத் தைத்திருந்தாள், தொடை நடுவில் தையல் வராத மாதிரி. இரண்டு பக்கமும் பாக்கெட். கொக்கி மாட்ட ஒரு வளையம், டார்ச்சுக்கு ஒரு உறை. கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. என்னைவிட உங்களுக்கு நல்லாருக்கு."

முதல் நாள் கேட்டைத் தாண்டியதும் காற்று உள்ளே வந்தது. அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமாக வராத இடத்துக்குக் காற்று வந்தது. பத்து மணி ஆயிற்று. வலி இதோ வரும், இதோ வரும் என்று பயந்துகொண்டே நடந்தார். பன்னிரண்டு ஆயிற்று. நூற்று இருபது வீடு முடிந்தது. மூன்று மணிக்கு ஒரு சந்தில் நின்று யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு தொடையைத் தொட்டுப் பார்த்தார். தோல் இருந்தது. அன்றைக்குத் தெருமுனையில் பஸ் கிளம்பியபோது, ஐம்பத்து நாலு வயசு ஆள், பின்னாலேயே ஓடிப்போய் ஏறிவிட்டார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் தான் ஓடியதே அவருக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். ஒரு சுற்று, அப்புறம் இரண்டு சுற்று. பாவாடை மடிப்பு பட்பட்டென்று முழங்காலில் அடிக்கிற சத்தம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

ஆபீசில் மட்டும் சும்மா விடுவார்களா?

மேலதிகாரி கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா இது வேஷம்?"

"டாக்டர் சொன்னாங்க சார்."

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். குடிநீர் வாரியம் தந்த துணியில் தைத்த உடை அணிய வேண்டும் என்று போட்டிருந்தது. எப்படித் தைக்க வேண்டும் என்று போடவில்லை. போடத் தேவைப்படும் என்று யார் கண்டது? புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "வேற துணியில பார்த்தேன், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். இந்தத் துணியில நீ என்ன வேணா கட்டிக்க. எம் முன்னாடி மட்டும் வராத."

கூட வேலை பார்க்கிறவர்களில் ஒருவனுக்குத் தகரம் என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும். அவன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"அண்ணே, இல்ல இல்ல, அக்கா. அக்கா, டீ சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்டா."

"பார்த்து உக்காருங்க அக்கா. காத்து அடிக்குது."

எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். சிரித்து வைத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அவர் அலமாரியில் ஒரு நாள் வளையல் தொங்கியது, ஒரு நாள் உதட்டுச் சாயம் இருந்தது. ஒரு நாள் மாற்றுப் பாவாடையைக் காணோம். தேடிப் பார்த்தால் கக்கூஸ் தரையில் ஈரமாகக் கிடந்தது. அதை வைத்துத் தரையைத் துடைத்திருந்தார்கள். துடைத்துவிட்டு இரண்டாகக் கிழித்தும் வைத்திருந்தார்கள், மறுபடி கட்டிவிடுவாரோ என்று. கிழிசலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மனைவி கேட்டதற்கு மூடியில் மாட்டிக் கிழிந்துவிட்டது என்றார். துணி கிழிந்த விதம் தையல்காரிக்குத் தெரியாதா? வாங்கித் துவைத்து அடுப்படியில் கைப்பிடித் துணியாக வைத்துக்கொண்டாள்.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு நாள் தகரம் பின்னாலேயே வந்து, இவர் ஒரு குழிக்கு மேல் குனிந்து நின்றபோது முதுகுப் பக்கமிருந்து போனில் படம் பிடித்தான். அகலமான பின்பக்கம், மடிப்புப் பாவாடை, கீழே இரண்டு மயிர்க் கால், தோளில் தொங்குகிற பை. முகம் தெரியவில்லை. படம் தகரத்திடமிருந்து கிளம்பி ஊர் முழுக்கச் சுற்றி, நான்காம் நாள் சம்பந்தியின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

சம்பந்தி பெரிய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேண்ட் மடிப்பில் விரலை வைத்தால் விரல் அறுந்துவிடும். தினம் காலையில் பூங்காவில் நாற்பது பேரோடு நடை போவார். எல்லாரும் வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ. படத்தைப் பார்த்துவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். 'நம்ம ஏரியாவுக்குப் புது டான்ஸ்காரி வந்திருக்கு' என்று ஒரு வரியும் சேர்த்து நாற்பது பேருக்கும் அனுப்பி வைத்தார். அனுப்பி முடித்துவிட்டு மனைவியிடம் காட்டினார். சம்பந்தியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்தப் பை உங்க கிட்டங்கிப் பையில்ல? நீங்கதானே அவருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கு?"

"உங்க சம்பந்திக்குத்தான்!"

சம்பந்தி முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நாற்பது பேரும் பதிலுக்குச் சிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யார் என்று தெரிந்தால் அவர் மானம் கப்பலேறும். அவர் தன்மேல் கோபப்படவில்லை. படம் எடுத்தவன்மேலும் கோபப்படவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே சம்பந்தியம்மா போன் போட்டாள். "பேத்தியப் பாக்க வாங்க, வேணாங்கல. வந்தா ஆம்பளை மாதிரி வாங்க. அந்தக் கோலத்துல எங்க வாசல்படி ஏறினீங்கன்னா, அப்புறம் உங்க பொண்ணுதான் பேச்சு வாங்கணும். சொல்லிட்டேன்."

மீட்டர்க்காரருக்கு ஊர் சிரிப்பது ஒரு பக்கம். பேத்தியைத் தூக்க முடியாமல் போவது இன்னொரு பக்கம். எது கனமென்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதன் பிறகு பையில் ஒரு பேண்ட்டை மடித்து வைத்துக்கொண்டார். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டு கக்கூசில் ஒற்றைக் காலில் நின்று மாற்றிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போவார். அங்கே கால் மணி நேரம். சம்பந்தி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். சம்பந்தியம்மா முதலில் அவர் காலைப் பார்ப்பாள், பேண்ட்தான் என்று தெரிந்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள்.

பாப்பா என்னவோ அவரிடம் ஒட்டவில்லை. பேண்ட்டுக்குள் பிதுங்குகிற தொடை மேடு மாதிரி இருக்கும், பெல்ட் பக்கிள் இடிக்கும். மடியில் வைத்தால் உருண்டு உருண்டு அழும்.

"உங்ககிட்ட வந்தாலே அழுவுது. குடுங்க" என்று சம்பந்தியம்மா வாங்கிக்கொள்வாள். வாங்கினாலும் நிறுத்தாது. ஆனால் பழி என்னவோ இவருக்குத்தான்.

பாப்பாவுக்கு ஐந்தாம் மாசம் தடுப்பூசி போட்டார்கள். ஆஸ்பத்திரி இவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் மகள் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். ஊசி போட்ட இடம் வீங்கி, பாப்பா மத்தியானத்திலிருந்து வீறிட்டு அழுதது. பாட்டி தூக்கினாள், மகள் தூக்கினாள், பக்கத்து வீட்டுக்காரி வந்து கிலுகிலுப்பையை ஆட்டினாள். ஒன்றுக்கும் மசியவில்லை. நாலு மணிக்கு மீட்டர்க்காரர் வேலையிலிருந்து அப்படியே பாவாடையோடு வந்தார். கையைக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "குடு இப்படி" என்றார்.

"உங்ககிட்டயாப்பா?" என்றாள் மகள் சலிப்பாக. ஆனாலும் கொடுத்தாள்.

காலை அகட்டி உட்கார்வது அவருக்கு இருபத்தேழு வருஷப் பழக்கம். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பாவாடைத் துணி தொங்கி ஒரு பள்ளமாக நின்றது. பாப்பாவை அதில் விட்டார். பள்ளம் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் மெத்தென்ற தொடை, கீழே துவைத்துத் துவைத்து மிருதுவான துணி. முழங்காலை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தார். பாப்பா ஒரு விக்கல் விட்டது. ஆச்சரியமாக மேலே பார்த்தது. அவர் மூக்கைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்து, கண் சொருகித் தூங்கிவிட்டது.

மூன்று மணி நேரம் அசையவில்லை அந்த மனுஷன். காபி ஆறிப்போனது. கால் மரத்துப்போனது. ஒண்ணுக்கு வந்தது, அடக்கிக்கொண்டார். ஈ ஒன்று வந்து மூக்கில் உட்கார்ந்தது, அதையும் உட்காரவிட்டார். மனைவி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "இந்தத் தொடையை இத்தனை வருஷமா திட்டினேனே" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. பேசினால் வயிறு அசையும், பாப்பா எழுந்துவிடும். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு மூன்று மணி நேரம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மகள் மறுநாள் வீடு திரும்பினாள். அந்த வீட்டில் பாப்பா தூங்கவில்லை. எந்த மடியில் போட்டாலும் எதையோ தேடுகிற மாதிரி காலை உதைத்து அழுதது. விலை உயர்ந்த தொட்டில் ஒன்று வாங்கியிருந்தார்கள், பட்டனைத் தட்டினால் தானே ஆடும். அதில் போட்டால் இன்னும் சத்தமாக அழுதது. நாலு நாளில் வீடே கண் சிவந்து கிடந்தது. சம்பந்தி பூங்காவுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் மகள் மெல்ல, அப்பா மடியில் மூன்று மணி நேரம் தூங்கினதைச் சொன்னாள். எந்த உடையில் என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகன் போன் போட்டான். "மாமா, வீட்ல இருங்க. நான் வண்டி எடுத்துக்கிட்டு வர்றேன். பாப்பா விஷயம்."

மீட்டர்க்காரர் அன்று ஓடப் போகவில்லை. தலைக்குக் குளித்தார். முகம் மழித்தார். மனைவி பாவாடையை மடிப்பு மடிப்பாக இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்.

"நான்தான் சொன்னேனே, தானா இறங்கி வருவாங்கன்னு" என்றாள் மனைவி.

"சும்மா இருடி. நல்லவங்கதான். கொஞ்சம் வறட்டு கௌரவம், அவ்வளவுதான்" என்றார் இவர், ஒரே போனில் பெரிய மனுஷனாகிவிட்ட மாதிரி.

மருமகன் வந்தான். உட்காரவில்லை. அவர் வாயெல்லாம் பல்லாகச் செருப்பை மாட்டப் போனார்.

"மாமா..."

"இதோ, கிளம்பிட்டேன் மாப்ள."

"இல்ல மாமா. நீங்க இல்ல." மருமகன் தரையைப் பார்த்தான். "அது மட்டும்."

"எது?"

"நீங்க கட்டியிருக்கீங்களே. அத மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, அம்மா. பாப்பா அந்தத் துணியிலதான் தூங்குதாமே."

 மனைவி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மீட்டர்க்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். உள் அறைக்குள் போனார். வெளியே வரும்போது துண்டு சுற்றியிருந்தார், பாவாடை நாலாக மடித்துக் கையில் இருந்தது. உறையில் இருந்த டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"துவைக்க வேணாம்னு சொல்லுங்க மாப்ள. சோப்பு வாசம் வந்தா பாப்பாவுக்குப் பிடிக்காது."

"சரி மாமா" என்று வாங்கி, வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனான்.

மறுநாளிலிருந்து மறுபடி பேண்ட். பிரித்துத் தைக்க வேறு பழைய பேண்ட்டும் இல்லை, புதுத் துணி வர ஒரு மாசம் இருந்தது. ஆபீசில் தகரம் எழுந்து நின்று கை தட்டினான். "வாங்க அண்ணே! ஆம்பளையாயிட்டீங்க!" பத்து மணிக்கு உப்புத்தாள் வேலையை ஆரம்பித்தது. நாலு மாசமாக ஆறியிருந்த இளந்தோல், முன்னைவிட வேகமாகப் போனது. மூன்று மணிக்கெல்லாம் பேண்ட்டில் உள்பக்கமாக ரத்தம் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போகலாம் என்றால், பாப்பா தூங்குகிறது, அப்புறம் வாங்க என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் பாப்பா இப்போதெல்லாம் நன்றாகத் தூங்கியது.

ஒன்பதாம் தேதி வந்தது. ஒவ்வொரு மாசமும் ஒன்பதாம் தேதி சம்பந்தி தெருவில் மீட்டர் பார்க்கிற நாள். அன்றைக்குக் காலையில்தான் ஆபீசில் அந்த வருஷத்துச் சீருடைத் துணியும் கொடுத்தார்கள். கருநீலம், மூன்று மீட்டர். வாங்கிப் பைக்குள் வைத்து, நடக்கும்போது கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்னும் இரண்டே நாள். அவள் தைத்துவிடுவாள்.

சம்பந்தி வீட்டு மீட்டர் வாசலில் இல்லை. பக்கச் சந்தில், பின்னறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. அந்தச் சந்துக்குள் வீட்டுக்காரர்களே போக மாட்டார்கள். மாசம் ஒரு தடவை மீட்டர் பார்க்கிறவர் மட்டும்தான் போவார். வெளிக்கேட் திறந்திருந்தது. சத்தமில்லாமல் சந்துக்குள் போய், மூடியைத் தூக்கி, எண்ணைக் குறித்து, ஜன்னல் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்தார்.

தெருப்பக்கத்து ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருந்தார்கள். சந்துப் பக்கத்து ஜன்னலுக்குத் திரை இல்லை.

உள்ளே நாற்காலியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். மேலே வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். கீழே பாவாடை. கருநீலம், மடிப்பு, கொக்கி வளையம். பாவாடையின் இடுப்பு அவருக்குப் பெரிதாக இருந்ததால் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருந்தது. வெயிலே படாத இரண்டு வெள்ளைக் கால், குச்சி மாதிரி. கத்தி மடிப்பு பேண்ட் கதவில் தொங்கியது. கால் இரண்டையும் அகட்டி வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். நடுவில் பள்ளத்தில் பாப்பா, வாய் திறந்து, ஒரு கை தலைக்கு மேல் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

சம்பந்தி தலையைத் தூக்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மீட்டர்க்காரர் கையில் போன் இருந்தது. எண்ணைக் குறிக்கிற போன். படமும் எடுக்கும். ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், பூங்காவில் நாற்பது பேருக்கும் போய்விடும். அதுகூட வேண்டாம், 'மீட்டர்!' என்று வழக்கமாகக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தால் தெருவே எட்டிப் பார்க்கும். அவர் வாயைத் திறந்தார். பாப்பா தூக்கத்தில் உதட்டைச் சப்பியது.

வாயை மூடிக்கொண்டார்.

சம்பந்தி விரலை உதட்டில் வைத்து, 'உஷ்' என்றார். அப்புறம் அதே கையை வெளிப்பக்கமாக இரண்டு தடவை அசைத்தார், போ, போ என்று. கோழியை விரட்டுகிற மாதிரி.

மீட்டர்க்காரர் மூடியைச் சத்தம் வராமல் இரண்டு கையாலும் இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார். கேட்டருகே மகள் நின்றிருந்தாள். அவள் கண்ணில் மை இருந்தது, முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்குகிறாள் போல.

"அப்பா, நல்ல வேளை, நீங்களே வந்தீங்க. அம்மாகிட்டச் சொல்லி இன்னொண்ணு தச்சுக் குடுக்கச் சொல்லுங்கப்பா. பாப்பா மூத்திரம் போயிடறா, துவைச்சுப் போட்டா மாத்துக்கு இல்ல. அதே துணியா இருக்கணும். வேற துணின்னா கண்டுபிடிச்சிடறா." அவள் கண் பையின் மேல் போனது. திறந்த வாயில் கருநீலம் தெரிந்தது. "அட, துணி வந்திருச்சா?"

"வந்திருச்சு."

"தச்சுக் குடுங்கப்பா. என் செல்ல அப்பால்ல."

மீட்டர்க்காரர் அவளையே பார்த்தார். இந்தப் பெண்ணும் ஒரு காலத்தில் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியவள்தான்.

"இடுப்பளவு கேட்டுட்டு வா" என்றார்.

அவள் வெட்கப்படுவாள் என்று நினைத்தார். தலை குனிவாள், இல்லாவிட்டால் அழுதாவது விடுவாள். அவளை அடிக்கத்தான் அந்த வார்த்தையை எறிந்தார். அவள், "இருங்க" என்று உள்ளே போனாள். உள்ளே கிசுகிசுவென்று பேச்சு. டேப்பை இழுக்கிற சத்தம். திரும்பி வந்தாள்.

"முப்பத்தெட்டாம்பா. ஊக்கு குத்துதாம், கொஞ்சம் இறுக்கமாவே தைக்கச் சொன்னார்."

"பாப்பாவ ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போகட்டுமா?"

"இப்பவா? தூங்குறாளேப்பா." அவள் அவர் காலைப் பார்த்தாள். "நீங்க வேற என்னமோ ஒரு மாதிரி நடக்குறீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

அன்று சாயங்காலம் மனைவி மேஜையில் துணியை விரித்து, சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தாள். "அளவெல்லாம் எனக்குத் தெரியும். நாப்பத்தாறு" என்றாள் சந்தோஷமாக.

"முப்பத்தெட்டு."

"உங்களுக்கா முப்பத்தெட்டு? கனவு கண்டீங்களா?"

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் கையில் சுண்ணக்கட்டி இரண்டாக உடைந்தது.

"அந்த ஆளுக்கா? அந்த ஆளுக்கு நான் தைக்கணுமா? இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்களுக்குத் துணி கிடையாது, தெரியுமில்ல? தொடை அழுகி விழுந்தாலும் கிடையாது!"

"தெரியும்."

"அப்புறம்?"

"பாப்பா தூங்கணும்ல."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சம்பந்தி வீட்டுப் பேச்சே பரவாயில்லை. அப்புறம் கத்தரியை எடுத்து, கரகரவென்று வெட்டினாள். எட்டு மணிக்குள் தைத்து முடித்து மேஜையில் எறிந்தாள்.

"பாக்கெட் வெக்கல. அந்த ஆளுக்கு எதுக்குப் பாக்கெட்? மீட்டரா பாக்கப் போறார்?"

நாற்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் வித்தியாசமாக ஒரு நீளத் துண்டு மிஞ்சியது. மறுநாள் காலையில் மீட்டர்க்காரர் அதை இரண்டாகக் கிழித்து, தொடைக்கு ஒன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். மேலே பேண்ட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். பத்து மணி வரைக்கும் தாங்கியது.